காது மெஷின்: பணம் கட்டும் முன்பும், சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பும்

காது மெஷின் வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்றில் அடங்கிவிடும். "சத்தம் கேட்குது, பேச்சுதான் புரியலை." "சும்மா சும்மா விசில் அடிக்குது." "சர்வீஸுக்குக் கொடுத்தா வாரக்கணக்கில் இழுக்கிறாங்க." மூன்றுமே மெஷினின் குறைபோலத் தெரியும். முதல் இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் அதைக் காதுக்குப் பொருத்திய விதம். மூன்றாவது, பணம் கட்டிய அன்று கேட்காமல் விட்ட கேள்விகளால் வருவது. ஆகவே எந்தக் கம்பெனி, எத்தனை சேனல் (ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துத் தனித்தனியே திருத்தும் பிரிவு) என்று விசாரிக்கும் முன், யார் பொருத்தப் போகிறார், அடுத்த நான்கைந்து வருடம் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று விசாரியுங்கள்.

கடைக்கு முன் காது மருத்துவர்

காதுக் குறும்பி கெட்டியாகி அடைத்திருந்தாலே கேட்பது குறையும். செவிப்பறையில் ஓட்டை, சீழ் வடிதல், நடுக்காதில் நீர் ஆகியவற்றுக்கு வைத்தியம் வேறு. முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்க்கட்டும். ஒரு காது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனக் கேட்காமல் போனால் அது அவசரம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குத் திரும்பக் கேட்கும் வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் மெஷின் கடையில் நாளைக் கடத்தக் கூடாது.

பிறகு ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் பரிசோதனை வரைபடம். கடை மூலையில் ஹெட்போன் மாட்டி ஐந்து நிமிடத்தில் எடுப்பதை வைத்து மெஷின் வாங்க முடியாது. சத்தம் புகாத அறையில், காற்று வழியாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையும், எலும்பு வழியாகத் தனியாகவும் பார்த்திருக்க வேண்டும். காதுக்குக் கேட்கத் தேவைப்படும் குறைந்தபட்ச சத்தத்தை வைத்து, பொதுவாக 26 முதல் 40 டெசிபல் வரை லேசான குறைவு, 55 வரை நடுத்தரம், 70 வரை நடுத்தரத்துக்கும் மேல், 90 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை.

பலர் கேட்டு வாங்காத இன்னொரு பரிசோதனை, பேச்சைப் புரிந்துகொள்ளும் பரிசோதனை. போதிய சத்தத்தில் தமிழ்ச் சொற்களைச் சொல்லி, நூற்றுக்கு எத்தனையைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று பார்ப்பார்கள். இது 90 என்றால் நல்ல மெஷின் நன்றாகவே உதவும். 40 என்றால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் பேச்சு முழுக்கத் தெளிவாகாது. இதை முன்பே தெரிந்துகொண்டால், ஏமாற்றிவிட்டார்கள் என்ற கசப்பு பின்னால் வராது. ஆடியோகிராமின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து எடுத்த பரிசோதனை, அது உங்களுடையது.

வயதாகி வரும் செவித்திறன் குறைவில் முதலில் போவது மெல்லிய உயர் சுருதி ஒலிகள். உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவும். பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ஒன்றாகவே விழும். சத்தம் கேட்டும் பேச்சு புரியாததற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் ஒலிபெருக்கிகள் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி ஏற்றுபவை. அவை இந்தக் குறையைத் தீர்க்காது. பாத்திரம் விழும் சத்தத்தையும் சேர்த்து ஏற்றி மிச்சமிருக்கும் செவித்திறனையும் கெடுக்கலாம்.

பொருத்துபவர் செவித்திறனில் பட்டம் பெற்ற ஆடியாலஜிஸ்ட்டா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். சீருடையும் கழுத்தில் அட்டையும் இருந்தால் போதாது.

எந்த வகை யாருக்கு

வெளியே தெரியாத குட்டி மெஷின் வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். காதுக்குள் மறையும் வகைக்குப் போடும் 10-ஆம் எண் பேட்டரி அரிசி மணியைவிடச் சற்றே பெரியது. விரல் நடுங்குபவர்களும் கண் மங்கியவர்களும் அதை மாற்றத் திண்டாடுவார்கள். அவர்களுக்கு 13-ஆம் எண் பேட்டரி போடும் காதுக்குப் பின்னால் மாட்டும் வகையோ சார்ஜ் ஏற்றும் வகையோ சரி. காதில் சீழ் வருபவர்கள் ரிசீவர் (ஒலியை வெளிவிடும் குட்டி ஸ்பீக்கர்) காதுக்குள் நிற்கும் வகையைத் தவிர்ப்பது நல்லது. ஈரத்தில் ரிசீவர் செத்துப்போகும். கடுமையான குறைவுக்குக் காதின் அச்செடுத்துச் செய்த மோல்டுடன் காதுக்குப் பின்னால் மாட்டும் பவர் வகைதான் தாங்கும். இரண்டு காதிலும் குறை இருந்து இரண்டுக்கும் வசதி இருந்தால் இரண்டும் வாங்குங்கள். கூட்டத்தில் பேச்சைப் பிரித்துக் கேட்கவும் சத்தம் வரும் திசை தெரியவும் இரண்டு காதும் வேண்டும்.

சேனல் எண்ணிக்கையை வைத்துத்தான் விலை ஏற்றுவார்கள். வீட்டில் இருந்து டிவி பார்த்து, நான்கு பேரிடம் பேசுபவருக்கு நடுத்தர மெஷினே போதும். கல்யாண மண்டபம், மீட்டிங், கடைவீதி என்று அலைபவருக்குத்தான் விலை கூடிய மாடலின் இரைச்சல் குறைக்கும் வசதி உண்மையிலேயே உதவும். சுமாரான மெஷினைச் சரியாகப் பொருத்தினால், சரியாகப் பொருத்தாத உயர்ந்த மெஷினைவிட நன்றாகக் கேட்கும்.

காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் அதன் பேரில் வரி சேர்த்திருந்தால் கேளுங்கள். பணம் போட முடியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் உதவித் திட்டத்தில் அலிம்கோ நிறுவனம் முகாம்களிலும் மெஷின் தருகிறது. மாற்றுத்திறனாளி அட்டைக்கு, பேச்சு ஒலிகளில் இரு காதிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருக்க வேண்டும்.

பொருத்தும் நாளும் டிரையலும்

ஆடியோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் மெஷின் ஓரளவு தானே செட் ஆகிவிடும். பல இடங்களில் வேலை அதோடு முடிகிறது. ஆனால் ஒவ்வொரு காதுக் குழாயும் ஒவ்வொரு அளவு, கம்ப்யூட்டருக்கு உங்கள் காது தெரியாது. காதுக்குள் மெல்லிய சிலிக்கான் குழாயை வைத்து, செவிப்பறை அருகே எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளந்து திருத்துவதே முறை. "ரியல் இயர் மெஷர்மென்ட் செய்வீர்களா?" என்று கேளுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், மெஷின் மாட்டிய நிலையில் சத்தம் புகாத அறையில் தமிழ்ச் சொற்களை வைத்துத் திரும்பப் பரிசோதித்து எழுதித் தரவாவது சொல்லுங்கள்.

டிரையல் கடைக்குள் பத்து நிமிடம் என்றால் அதற்கு அர்த்தமில்லை. அமைதியான அறையில் எந்த மெஷினும் நன்றாகத்தான் கேட்கும். ஒரு வாரமாவது வீட்டுக்குக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். டெபாசிட் கேட்டால் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். மிக்ஸி ஓடும்போது, போனில் பேசும்போது, பஸ்ஸில், ஓட்டலில் எப்படி இருந்தது என்று நாள்வாரியாகக் குறித்து வையுங்கள். "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் ஆடியாலஜிஸ்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. "தட்டு, கரண்டி சத்தம் குத்துது", "என் குரலே பானைக்குள் பேசுவதுபோல இருக்கு" என்றால் எதைத் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். முதல் குறைக்கு உயர் சுருதியில் பலத்த ஒலியைக் குறைப்பார். இரண்டாவது காது அடைபடுவதால் வருவது. துளை பெரிதான மோல்டோ திறந்த டோமோ (காதுக்குள் நிற்கும் மெல்லிய ரப்பர் மூடி) மாற்றுவார்.

பழக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் வாரம் வீட்டுக்குள் தினம் மூன்று, நான்கு மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டலாம். ஆசைக்கு மாட்டி மேஜை அறைக்குள் வைத்தால் மூளைக்குப் பழகாது. தினம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பல மெஷின்கள் பதிவு செய்கின்றன, ஆடியாலஜிஸ்ட் அதைப் பார்க்க முடியும்.

பில்லில் இவை இருக்க வேண்டும்: மாடல் பெயர், வலது இடது இரண்டின் சீரியல் எண், வாரண்டி தொடங்கும் நாள், ரிசீவருக்கும் சார்ஜருக்கும் தனி வாரண்டியா என்பது, இலவசமாகத் திருத்தித் தரும் காலம். பெட்டியிலும் மெஷினிலும் உள்ள சீரியல் எண் ஒன்றுதானா என்று அங்கேயே ஒப்பிடுங்கள். இன்னொரு கேள்வியை மறக்க வேண்டாம்: "இதை வேறு ஊரில், வேறு ஆடியாலஜிஸ்ட் புரோகிராம் செய்ய முடியுமா?" சில விற்பனைச் சங்கிலிகளின் மெஷின்களை அவர்களுடைய சாஃப்ட்வேரில் மட்டுமே திறக்க முடியும். ஊர் மாறினாலோ கிளை மூடினாலோ சிக்கல்.

தினமும் செய்ய வேண்டியது

நம் ஊர் வெயிலும் வியர்வையும் கடற்கரைக் காற்றின் ஈரமும் மெஷினுக்கு ஆகாது. இரவு கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, பேட்டரிக் கதவைத் திறந்தபடி சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். பேட்டரியை உள்ளேயே விட்டால் அதுவும் காய்ந்து சீக்கிரம் போய்விடும். ஜெல் மணிகளின் நிறம் மாறினால் சூடாக்கவோ மாற்றவோ வேண்டும். மெஷினைக் காயவைக்க ஹேர் டிரையர், வெயில், அரிசி எதுவும் வேண்டாம். எண்ணெய்க் குளியல் நாளில் தலை நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். பவுடரும் விபூதியும் மைக் துளையில் அடைத்துக்கொள்ளும். பிரஷால் துடைக்கும்போது மைக் துளை தரையைப் பார்த்திருக்கட்டும், தூசி உள்ளே போகாமல் கீழே விழும்.

காற்றில் இயங்கும் துத்தநாக பேட்டரிகளில் 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீல ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்து மூன்று நிமிடம் வெளியே வைத்த பிறகே போடுங்கள். காற்று உள்ளே போனால்தான் முழு சக்தி வரும். உரித்ததைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. 312 ஒரு வாரம் முன்பின், 13 ஏறக்குறைய பத்து நாள் வரும். புளூடூத்தில் அதிகம் பேசினால் இதைவிடக் குறையும். வாங்கும்போது காலாவதி மாதம் பாருங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனை.

குறும்பி உள்ளே போகாமல் தடுக்க ரிசீவர் நுனியிலுள்ள சிறு வடிகட்டியான வேக்ஸ் கார்டு அடைவதுதான் "மெஷின் செத்துப்போச்சு" என்ற புகாரில் பாதிக்கும் மேல் என்று தைரியமாகச் சொல்லலாம். அதை வீட்டிலேயே மாற்றலாம். டோமைக் கழற்றுங்கள். மாற்றும் குச்சியின் ஒரு முனை வெற்று ஊசி, மறு முனையில் புது கார்டு. வெற்று முனையை அழுக்கான கார்டுக்குள் நேராக அழுத்தி, திருகாமல் இழுத்தால் பழையது ஊசியோடு வரும். குச்சியைத் திருப்பி, புதியதை அதே இடத்தில் அழுத்தி, குச்சியை மெல்லச் சாய்த்து எடுத்தால் கார்டு அங்கேயே நிற்கும். டோமைத் திரும்பப் போட்டு லேசாக இழுத்துப் பாருங்கள். தளர்ந்த டோம் காதுக்குள் கழன்று மாட்டிக்கொள்ளும். ஒரு கம்பெனியின் கார்டு இன்னொன்றுக்குப் பொருந்தாது. மெஷினில் சிவப்புக் குறி வலது காது, நீலக் குறி இடது.

காலையில் மாட்டியதும் வீட்டில் ஒருவர் வாயை மறைத்துக்கொண்டு ஆறடி தள்ளி நின்று ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். கேட்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சின் பரப்பை இந்த ஆறும் தொட்டுவிடும். நேற்று வரை பிடிபட்ட ஸ் இன்று கேட்கவில்லை என்றால் மெஷினையோ காதையோ பார்க்க வேண்டும். பேசத் தெரியாத குழந்தைக்கும் திரும்பிப் பார்க்கிறதா என்று இப்படியே சோதிக்கலாம்.

விசில் எங்கிருந்து வருகிறது

மோல்டு வகையில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. மெஷினைக் கழற்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதே மோல்டின் துளையை விரலால் இறுக்கி மூடுங்கள். விசில் நின்றால் மெஷின் நல்லது. மோல்டு தளர்ந்திருக்கிறது அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது. நிற்காவிட்டால் மோல்டோடு சேரும் டியூபைக் கழற்றி, காதின் மேல் வளைந்து நிற்கும் ஹூக்கின் நுனியை மூடுங்கள். இப்போது நின்றால் டியூப் வெடித்திருக்கிறது. மஞ்சளாகி விறைத்த டியூபை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினாலே இது வராது. ஹூக்கை மூடியும் விசில் வந்தால் ஹூக்கில் விரிசலோ உள்ளே கோளாறோ. அதைத்தான் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும்.

வளரும் குழந்தைகளுக்கு மோல்டு சில மாதத்திலேயே சிறிதாகிவிடும். விசில் அடிக்கிறதென்று சத்தத்தைக் குறைத்து ஓட்டுவது பெரிய தவறு, குழந்தைக்குப் பேச்சு கேட்காமல் போகும். புது மோல்டு எடுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

முதலில் புது பேட்டரி, புது வேக்ஸ் கார்டு போட்டுப் பாருங்கள். சார்ஜ் வகையென்றால் தொடர்பு முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கொடுக்கலாம். ரசீதில் சீரியல் எண், குறை என்ன, கொடுத்த நாள், திருப்பித் தரும் நாள், வெளிப்புறச் சேதம் ஏதும் உண்டா என்பதை எழுதி வாங்குங்கள். மெஷினைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்தது என்று வாரண்டியை மறுத்தால், எந்தப் பாகத்தில் என்று படத்தோடு எழுத்தில் தரச் சொல்லலாம். வரும்வரை மாற்று மெஷின் உண்டா என்று கேளுங்கள். கேட்டால் கொடுக்கும் இடங்கள் உண்டு.

வாரண்டி முடிந்த மெஷினுக்குச் செலவுக் கணக்கைச் சொன்ன பிறகே பழுது பார்க்க வேண்டும் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ரிசீவர் மட்டும் போயிருந்தால் மாற்றலாம். மெஷினுக்கு ஐந்தாறு வயதாகி உள்ளே இருக்கும் போர்டு போயிருந்தால், அந்தப் பணத்தைப் புதியதில் போடுவதே மேல்.

திரும்பி வந்த மெஷினில் பழைய புரோகிராம் அழிந்திருக்கலாம். பலர் அப்படியே வாங்கிப் போய், சர்வீஸுக்குப் பிறகு கெட்டுவிட்டது என்கிறார்கள். வாங்கும் இடத்திலேயே உங்கள் ஆடியோகிராமை ஏற்றச் சொல்லி, அந்த ஆறு ஒலிகளையும் சோதித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வாக்குவாதம் பலிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், ஆடியோகிராம், சர்வீஸ் ரசீதுகள், வாட்ஸப் உரையாடல் எல்லாவற்றையும் மனுவோடு இணையுங்கள்.