வீடு கேட்டு ஒரு ‘ஹிந்திக்காரர்’ வந்தால் எப்படி முடிவெடுப்பது

திருப்பூரில் வீடு வாடகைக்கு விடும் எல்லாரும் கேட்டிருப்பார்கள்: “ஹிந்திக்காரங்களுக்கு விடாதீங்க, ரெண்டு பேர்னு சொல்லிட்டு பத்து பேர் தங்குவாங்க.” இதை நம்புவதா வேண்டாமா என்று குழம்புகிறவர்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரையே சந்தேகப்படுங்கள். எங்கள் மாடி போர்ஷனுக்கு வந்தவர் ஒடிசாக்காரர், வீட்டில் பேசுவது ஒடியா. அவர் மனைவி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்த அம்மா, “அட, நம்ம பழைய சோறு!” என்றார். ஒடியா, வங்காளி, அசாமி எல்லாரையும் ஒரே பெயரில் அடைக்கிறோம். பம்பாயில் நமக்கும் இதுதான் நடந்தது. தமிழர், மலையாளி, கன்னடர் எல்லாரும் அங்கே ‘மதராசி’, 1966-ல் தொடங்கிய சிவசேனா குறிவைத்ததும் அந்த மதராசிகளைத்தான்.

அப்புறம், பேச்சில் எவ்வளவு உண்மை என்று பாருங்கள். ஒரே அறையில் நெருக்கியடித்துத் தங்குகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தனியாக வந்து, சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வாடகையைப் பங்கு போடத்தான் செய்வார், நம் பையன்கள் துபாயில் அடுக்குக்கட்டிலில் படுப்பதும் அதனால்தானே. மனைவி, பிள்ளையோடு வருகிறவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

யார் சொன்னது என்றும் கேளுங்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. அங்கே அதை நம்பியவர்களும் நம்மைப் பற்றி எதையாவது கேட்டு வைத்திருந்தவர்கள்தான்.

‘இந்த ஊர்க்காரர்கள் பொதுவாக இப்படி’ என்ற கணக்கு உதவும் இடமும் உண்டு. பனியன் கம்பெனியில் ஆபத்து அறிவிப்பை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைப்பது நல்லது, அங்கே படிக்கப்போவது நூறு பேர். உங்கள் வாசலில் நிற்பது ஒருத்தர். எத்தனை பேர் தங்குவீர்கள், எந்தக் கம்பெனி, நைட் ஷிப்ட் உண்டா, முன்பு இருந்த வீட்டு ஓனர் நம்பர் என்ன என்று அவரிடமே கேளுங்கள். தமிழ்க் குடும்பம் வந்தாலும் இதே கேள்விகள், இதே அட்வான்ஸ். ஆள் எண்ணிக்கையை அக்ரிமெண்டில் எழுதி, அது என்ன சொல்கிறது என்பதை அவருக்குப் புரிகிற மொழியில் யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், ஒரு நகல் அவர் கையிலும் இருக்கட்டும்.