குன்னூர் மலைப்பாதையில் ஃபாக் லைட்

பர்லியார் தாண்டிக் குன்னூரை நெருங்கும்போதுதான் மூடுபனி வந்து கவியும். உடனே கை தூரத்துக்கு அடிக்கும் ஹை பீமுக்குப் போகும், போடாதீர்கள். பனித்துளியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும், எதிரே வெள்ளைச் சுவர்தான். தாழ்வாக அடிக்கும் லோ பீமும் மூடுபனிக்கான ஃபாக் லைட்டும் போதும். ஃபாக் லைட் பம்பரில் தாழ இருப்பதால் வெளிச்சம் அகலமாகத் தரையோடு பரவும். ஓரக் கோடு தெரியும். அதைப் பிடித்தே நான் ஏறுவேன்.

முன்பக்க ஃபாக் லைட் வெள்ளை அல்லது மஞ்சள் மட்டும். ஒரு மெக்கானிக் என் விளக்கைச் சற்றுத் தூக்கி மாட்டிவிட்டார். எதிரே வந்தவர்களிடமெல்லாம் திட்டு வாங்கினேன்.

நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்களே, கொண்டை ஊசி வளைவில் எந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? ஓரங்கட்டி நிறுத்தினால் போடுங்கள், சரி.

பனி விலகியதும் ஃபாக் லைட்டை அணைத்துவிடுங்கள். பின்பக்கச் சிவப்பு ஃபாக் லைட்டை முதலில். பின்னால் வருபவருக்குக் கண் கூசும், பிரேக் லைட் எதுவென்றும் குழம்பும்.