கன்சர்வேட்டரி ஒழுகுகிறதா? அடுத்த பில்டரைக் கூப்பிடுவதற்கு முன்

பிரிட்டனில் வீட்டுக்குப் பின்னால் கன்சர்வேட்டரி (வீட்டோடு ஒட்டிய, கண்ணாடிச் சுவரும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கூரையும் உள்ள அறை) போடுகிறவர்கள் பலருக்கும் ஒரு விஷயம் பணம் கட்டி முடித்த பிறகுதான் தெரியவருகிறது: அந்த வேலையை கவுன்சிலிலிருந்து யாரும் வந்து பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் அது தரைமட்டத்தில், 30 சதுர மீட்டருக்குள் இருந்து, வீட்டுக்கும் அதற்கும் நடுவில் வெளிவாசல் தரத்தில் கதவும் இருந்து, ஹீட்டிங்கும் தனியாக இருந்தால், கட்டட விதிமுறைகளிலிருந்து பெரும்பாலும் விலக்கு உண்டு. கண்ணாடியும் மின்வேலையும் மட்டும் விதிக்கு உட்பட வேண்டும். வீட்டையே நீட்டிக் கட்டும் எக்ஸ்டென்ஷன் என்றால் அஸ்திவாரக் குழியை எட்டிப் பார்க்கவாவது ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். இதற்கு வரமாட்டார். வேலை மோசமாகிவிட்டால் அதை நிரூபிப்பது முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு.

அந்த இடத்தில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். கோபத்தில் பில்டரை விரட்டிவிட்டு, இன்னொருவரை வைத்துச் சரிசெய்த பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். அதற்குள் ஆதாரம் எல்லாம் சிமென்டுக்குள் போயிருக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற குறைகளின் பின்னால் ஓடுவது

சிலிகான் கோடு நெளிந்திருக்கிறது, பிரேமில் கீறல், கைப்பிடி ஆடுகிறது என்று பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள். பில்டர் அரை நாளில் அதையெல்லாம் சரிசெய்துவிட்டு, "வேலை திருப்தி" என்ற தாளில் கையெழுத்து வாங்கிப் போய்விடுவார். முக்கியமான கோளாறுகள் வேறிடத்தில் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது பழைய வீட்டின் ஏர்பிரிக்குகளை. மரப்பலகைத் தரை உள்ள வீடுகளில், சுவரின் அடிப்பகுதியில் இருக்கும் அந்த ஓட்டைச் செங்கற்கள் வழியாகத்தான் தரைக்கு அடியில் காற்றோட்டம். கன்சர்வேட்டரியின் கான்கிரீட் தளம் அவற்றை மூடிவிட்டால், சில வருடங்களில் வீட்டுக்குள் இருக்கும் தரைச்சட்டங்கள் உளுத்துப்போகும். தளத்துக்கு அடியில் குழாய் விட்டு வெளிச்சுவர் வரை காற்றுப் பாதை கொண்டுபோயிருக்க வேண்டும். வேலைக்கு முன் எடுத்த ஒரு படம் இருந்தால், எத்தனை ஏர்பிரிக் காணாமல் போனது என்று எண்ணிவிடலாம்.

கண்ணாடியின் மூலையையும் பாருங்கள். தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குள் வரும் கண்ணாடிகள், கதவிலும் அதன் இருபக்கமும் 300 மில்லிமீட்டருக்குள் 1500 மில்லிமீட்டர் உயரம் வரை வரும் கண்ணாடிகள் பாதுகாப்புக் கண்ணாடிகளாக இருக்க வேண்டும். அதற்கான அழியாத முத்திரை மூலையில் இருக்கும். இல்லையென்றால் இது ரசனைப் பிரச்சினை இல்லை, விதிமீறல்.

ஒழுகினால் சிலிகான் அடிப்பது

பெரும்பாலானவர்கள் பணத்தை இழப்பது இதில்தான். கூரை வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் ஈரம் இறங்குகிறது. பில்டர் வருகிறார், ஒரு டியூப் சிலிகான் அடிக்கிறார், இரண்டு மாதம் தாங்குகிறது, அடுத்த காற்றுமழையில் மறுபடி அதே ஈரம்.

காரணம் பல சமயம் கூரையிலேயே இருக்காது. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு அடுக்காகச் சுவர் கட்டிய வீடுகளில் காற்றோடு அடிக்கும் மழை வெளிச்செங்கலை நனைத்து, அதன் உள்முகம் வழியாகக் கீழே இறங்குவது வழக்கம்தான். முன்பு அது யாருக்கும் தெரியாமல் தரைவரை போனது. இப்போது அதே செங்கல் சுவரின் கீழ்ப்பாதி உங்கள் கன்சர்வேட்டரிக்கு உள்சுவர் ஆகிவிட்டது. ஆகவே கூரைக்குச் சற்று மேலே, சுவருக்குள் கேவிட்டி ட்ரே என்ற தடுப்பைச் செருகி, இறங்கும் நீரை வெளியே திருப்பிவிட வேண்டும். செங்கலைப் பெயர்த்துச் செய்ய வேண்டிய வேலை என்பதால், விலையைக் குறைத்துச் சொன்ன பில்டர் முதலில் வெட்டுவது இதைத்தான்.

வெளியே நின்றே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கூரை சுவரைத் தொடும் இணைப்பை மூடும் ஈயத் தகட்டுக்கு மேலே, செங்கற்களின் செங்குத்து இணைப்புகளில் சின்ன பிளாஸ்டிக் வடிகால் துளைகள் மீட்டருக்கு ஒன்றாவது தெரிய வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் ட்ரே போடவில்லை என்றே சந்தேகிக்கலாம். தகட்டையும் பாருங்கள். செங்கல் இணைப்பை 25 மில்லிமீட்டர் ஆழம் வெட்டி அதற்குள் மடக்கிச் செருகியிருக்க வேண்டும். ஒரு துண்டு 1.5 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது, நீண்டால் வெயிலில் விரிந்து சுருங்கிக் கிழியும். செங்கல் முகத்தில் வெறுமனே ஒட்டிய ஸ்டிக்கர் டேப் தகடு ஆகாது.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று தோட்டத்துக் குழாயால் சோதிக்கும்போது மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து ஒன்றும் புரியாது. கீழே, கூரையின் காலடியில் தொடங்கி, ஒவ்வோர் இடத்துக்கும் 10, 15 நிமிடம் கொடுத்து மேலே ஏறுங்கள். உள்ளே ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். ஈரம் தெரிந்த நிமிடம் பதிவாகிவிடும்.

பாலிகார்பனேட் (உள்ளே குழல் குழலாக இடைவெளி உள்ள பிளாஸ்டிக்) கூரையில் பச்சைப்பாசி பிளாஸ்டிக் தகட்டின் *உள்ளே* தெரிந்தால் அது அழுக்கு இல்லை. மேல்முனையை அலுமினியப் பட்டையாலும் கீழ்முனையைக் காற்று விடும் பட்டையாலும் மூடியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை, அல்லது மாறி நடந்திருக்கிறது. துடைத்துப் போகாது.

கண்ணாடியில் நீர் பூத்தால் எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் என்றால் யூனிட்டின் சீல் போய்விட்டது, மாற்றித் தர வேண்டும். அறைப் பக்கம் என்றால் உள்ளே துணி காயப்போட்டதுகூடக் காரணமாக இருக்கலாம். இதைக் குழப்பிப் புகார் எழுதினால் மற்ற நியாயமான புகார்களும் எடுபடாது.

வெடிப்பைப் பூசி மறைப்பது

வீடும் கன்சர்வேட்டரியும் சேரும் இடத்தில், மேலே அகன்று கீழே குறுகும் வெடிப்பு வந்தால் அஸ்திவாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். லண்டன் களிமண் கோடையில் சுருங்கும், மழைக்காலத்தில் ஊதும். அங்கே சுமார் ஒரு மீட்டர் ஆழமாவது வேண்டும், பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் இன்னும் ஆழம். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து மாதாமாதம் அளவுகோலோடு படம் எடுங்கள். ஒரு மில்லிமீட்டரிலேயே நிற்கும் வெடிப்பும் ஐந்தைத் தாண்டும் வெடிப்பும் முற்றிலும் வேறு வழக்குகள்.

பணத்திலும் பேச்சிலும் நடக்கும் தவறுகள்

தெரிந்தவர் மூலம் வந்த ஆள் என்று கேஷாகக் கொடுப்பது நம்மவர்களிடையே சாதாரணம். முன்பணத்தின் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில், நேரடியாக அந்த நிறுவனத்துக்குக் கட்டியிருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின் கீழ் கார்டு கம்பெனியும் பொறுப்பாகிறது. விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். வங்கிப் பரிமாற்றத்துக்கு இந்தக் கவசம் கிடையாது.

கடைசித் தவணையை முழுதாக நிறுத்துவதும் ஆபத்துதான். 600 பவுண்டு குறைக்கு 6,000 பவுண்டை மறித்தால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று பில்டர் சொல்லலாம். குறையைச் சரிசெய்ய ஆகும் தொகைக்கு இன்னொருவரிடம் எழுத்தில் விலை வாங்கி, அந்த அளவை மட்டும் நிறுத்திக் காரணத்தை எழுதுங்கள்.

அடுத்தது, பில்டருக்கு வாய்ப்பே கொடுக்காமல் விரட்டுவது. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் செலவிலேயே, நியாயமான காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். அது முடியாவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். வாய்ப்பு கொடுத்ததற்குச் சான்று இல்லாமல் வேறு ஆளின் பில்லை நீட்டினால் வழக்கு பலவீனமாகிவிடும்.

ஆகவே போனில் கத்துவதை விட்டுவிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ஒப்பந்தத் தேதி, கட்டிய தொகை, எண் போட்ட குறைகள், ஒவ்வொன்றுக்கும் படம், என்ன செய்ய வேண்டும், பதிலுக்கு 14 நாள். வசைச்சொல் ஒன்றுகூட வேண்டாம். அந்தக் கடிதத்தை ஒருநாள் நீதிபதி படிக்கக்கூடும்.

"பத்து வருட உத்தரவாதம், காப்பீட்டோடு" என்ற தாளை நம்பி உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அந்தக் காப்பீடு பொதுவாக நிறுவனம் மூடப்பட்டால்தான் பணம் தரும். நிறுவனம் இயங்கிக்கொண்டே போனை எடுக்காமல் இருந்தால் அது உதவாது.

நீதிமன்றம்தான் வழி என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை சிறுவழக்குப் பிரிவில் வக்கீல் இல்லாமலே போகலாம். ஒப்பந்த மீறல் நடந்து 6 வருடத்துக்குள் போட வேண்டும். ஸ்காட்லாந்தில் 5 வருடம். சார்ட்டர்ட் சர்வேயர் (கட்டடங்களைச் சோதித்து அறிக்கை தரும் தகுதிபெற்ற நிபுணர்) ஒருவரின் அறிக்கை பக்கபலம்தான், ஆனால் அதை ஆதாரமாக வைக்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வென்றாலும் அந்தச் செலவில் 750 பவுண்டுக்கு மேல் திரும்பி வராது. 2024 மே மாதத்திலிருந்து இத்தகைய பண வழக்குகளில் விசாரணைக்கு முன் தொலைபேசி வழி சமரசப் பேச்சு கட்டாயம். இலவசம், ஒரு மணி நேரம். அதற்கு உட்காரும்போது திருத்தும் செலவுக்கு வாங்கிய விலைச்சீட்டுகளும், இதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று நீங்கள் முடிவுசெய்த தொகையும் கையில் இருக்கட்டும்.