மரபணு மாற்றுப் பயிரை எடைபோடுவது எப்படி: பி.டி. பருத்தியை வைத்து ஒரு பாடம்

மரபணு மாற்றுப் பயிர் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், எந்தப் பயிர், அதில் எதை மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். புழுவைக் கொல்லும் பருத்தி, களைக்கொல்லி அடித்தாலும் சாகாத சோயா, வைரஸ் தாக்காத ஹவாய் பப்பாளி, மூன்றும் வேறு வேறு சங்கதி. மொத்தத்துக்கும் ஒரே தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரு பயிரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அதற்குத் தோதானது பருத்திதான், 2002-லிருந்து வயலில் இருக்கிறது.

முதலில், உள்ளே வைத்த மரபணு என்ன செய்கிறது என்று பாருங்கள். மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி., என்ற பாக்டீரியாவின் மரபணு அது. அதனால் செடியிலேயே ஒரு புரதம் உண்டாகிறது, காய்ப்புழு தின்றால் அதன் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் வயிறு அமிலத்தன்மை கொண்டது, அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. "புழு சாகிறதே, மனுஷனுக்கு ஒன்றும் ஆகாதா" என்ற நியாயமான பயத்துக்கு இதுதான் பதில். ஆனால் இந்தப் பதில் இந்தப் புரதத்துக்கு மட்டும்தான், வேறு மரபணு என்றால் சோதனை முடிவுகளை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். அப்புறம், வெள்ளை ஈ, தத்துப்பூச்சி மாதிரி சாறு உறிஞ்சும் பூச்சிகளை இது ஒன்றும் செய்யாது. 2015-ல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியைச் சூறையாடியது.

அடுத்து, லாபத்தை ஒரு வருஷத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2002-03-ல் ஹெக்டேருக்கு சுமார் 300 கிலோவாக இருந்த பஞ்சு மகசூல் 2013-14-ல் 560 கிலோவைத் தாண்டியது. ஆனால் அதே காலத்தில் வீரிய ஒட்டு ரகங்கள், உரம், பாசனம் எல்லாம் கூடின, ஆகவே முழுப் பெருமையையும் மரபணுவுக்குக் கொடுக்க முடியாது. அமெரிக்கன் காய்ப்புழுவை அது அடக்கியது உண்மை. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ குஜராத்தில் சில வருஷங்களிலேயே முதல் மரபணுவுக்குப் பழகிவிட்டது, 2006-ல் வந்த இரட்டை மரபணு ரகத்துக்கும் பிறகு பழகிக்கொண்டது.

ஏன் இப்படி ஆனது என்பதுதான் எனக்கு முக்கியம். வயலில் 20 சதவீதமோ சுற்றிலும் ஐந்து வரிசையோ சாதாரணப் பருத்தி போட வேண்டும், அங்கே வளரும் பழகாத புழுக்கள் பழகியவற்றோடு கலந்தால் எதிர்ப்பு மெதுவாகத்தான் பரவும் என்பது அப்போதைய விதி. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பாரா? விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சின்னக் காட்டுக்குப் பொருந்தாத விதியை எழுதியதுதான் தப்பு. ஆகவே ஒரு பயிரை எடைபோடும்போது ஆய்வகத்தில் வேலை செய்கிறதா என்பதோடு நிற்காமல், நம் ஊர் வயலில் அதன் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

விதை யார் கையில் என்பதையும் பாருங்கள். இங்கே பி.டி. பருத்தி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம்தான். அந்த விதையை எடுத்து வைத்து அடுத்த போகத்துக்குப் போட்டால் அதே மகசூல் வராது, மரபணு மாற்றாத ஒட்டு ரகத்துக்கும் இதே கதைதான். வங்கதேசம் 2013-ல் அனுமதித்த பி.டி. கத்தரியில் விதையை விவசாயியே எடுத்து வைக்கலாம். இந்தியாவில் அதே கத்தரி 2010 பிப்ரவரியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கத்தரியின் காட்டு உறவுகளும் நாட்டு ரகங்களும் இங்கே ஏராளம், மகரந்தம் போய்ச் சேர்ந்தால் திரும்ப எடுக்க முடியாது என்ற கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, இந்தப் பட்டத்தில் பி.டி. பருத்திதான் போடப்போகிறீர்கள் என்றால், களைக்கொல்லி தாங்கும் பருத்தி என்று ரசீதில்லாமல் விற்கும் விதையை வாங்காதீர்கள், அதற்கு இங்கே அனுமதி கிடையாது. விதைத்த 45 நாளிலிருந்து ஹெக்டேருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் பொறி) இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்காக வையுங்கள். ஒரு பொறியில் தொடர்ந்து மூன்று நாள், இரவுக்கு எட்டு அந்துப்பூச்சிக்கு மேல் விழுந்தால் காய்களை உடைத்துப் பாருங்கள். இன்னொரு பறிப்பு கிடைக்குமே என்று பிப்ரவரி வரை செடியை விட்டு வைக்காமல், பருத்தி மாரை, அதாவது பறிப்பு முடிந்த செடித் தண்டை, பிடுங்கி அழித்துவிடுங்கள்.