முதல் ஜிப்சியைக் கரட்டுத் தடத்துக்குத் தயார் செய்வது: எந்த வேலை முதலில், எது கடைசியில்

எங்கள் நிலம் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் பக்கம் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் மூன்று கிலோமீட்டர் வண்டித்தடம். முதல் பாதி செம்மண்ணும் சரளையும். அப்புறம் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓர் ஓடை. அதைத் தாண்டினால் கற்கள் துருத்தி நிற்கும் ஏற்றம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் டிராக்டர்காரர்கூட வர மாட்டேன் என்பார். தக்காளிப் பெட்டிகளைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும். அதற்காகவே ஒரு பழைய மாருதி ஜிப்சி வாங்கினேன்.

வாங்கிய பிறகு மூன்று வருடம் அதில் என்னென்னவோ மாட்டினேன், அதில் பாதியைத் திரும்பக் கழற்றினேன். புதிதாக வண்டி வாங்கும் பலரும் நான் தொடங்கிய இடத்திலேயே, அதாவது வண்டியை உயர்த்துவதிலேயே, தொடங்குகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பலருக்குத் தேவையே இல்லாத வேலை. டயர், கயிறு, மூச்சுக்குழாய் ஆகிய மூன்றையும் சரியாகச் செய்தாலே நம் பக்கத்துத் தடங்களில் முக்கால்வாசியில் போய் வரலாம்.

படி 1: முதலில் பழுது பாருங்கள்

புஷ், கிராஸ் ஜாயின்ட், வீல் பேரிங், பிரேக், ரேடியேட்டர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் புதிதாக எதையும் மாட்ட வேண்டும். சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளே துரு அரித்திருக்கிறது, அங்கே எதையும் வெல்டு வைக்காதீர்கள்.

படி 2: டயரும் காற்றும்

ஜிப்சி கிங்கில் கம்பெனி டயர் 205/70 ஆர்15. அதன் மொத்த உயரம் ஏறக்குறைய 668 மில்லிமீட்டர். நான் போட்டிருப்பது 215/75 ஆர்15. உயரம் 704. ஆக்சிலுக்கு அடியில் 18 மில்லிமீட்டர் கூடுதல் இடம் கிடைக்கிறது. இது கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம். சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் உயர்வது பாடிதான், ஆக்சிலின் நடுவில் குண்டாக இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் அதே உயரத்தில்தான் தொங்கும். நம் தடத்தில் கல்லில் முதலில் இடிப்பது அந்தக் குண்டுதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே.

இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம், பொலிரோவுக்கும் இதுதான் அளவு. தர்மபுரி, பாலக்கோடு, அஞ்செட்டி என்று எங்கே போனாலும் பொலிரோ டயர் இல்லாத கடை கிடையாது. வழியில் கிழிந்தால் பெங்களூருக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

235/75 ஆர்15 போடலாமா என்றால், கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் உயரம் 734 ஆகிவிடும், கம்பெனி அளவைவிடப் பத்து சதவீதம் பெரிது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசும், ஏற்றத்தில் இன்ஜின் திணறும், மீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 66-க்குப் பக்கத்தில் இருக்கும். என் ஓட்டு 215-க்குத்தான். பட்டன் மாதிரி பெரிய கட்டைகள் உள்ள மட் டயரும் வேண்டாம். நிலம் வரை மூன்று கிலோமீட்டர்தான் மண், மீதி முப்பது கிலோமீட்டர் தார். மழையில் தார் ரோட்டில் பிரேக் பிடிக்க, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயரே நல்லது.

டயரைவிட முக்கியம் அதில் இருக்கும் காற்று. ரோட்டில் நான் 28 பிஎஸ்ஐ வைக்கிறேன். தடத்தில் இறங்கும் இடத்தில் நின்று, மணலும் சேறும் என்றால் 18-க்கு இறக்குவேன். டயர் அகலமாகப் படிந்து பிடித்துக்கொள்ளும். முன்பு நான்கு முறை முயன்று ஏற முடியாத ஏற்றம், காற்றை இறக்கிய அன்று முதல் முறையிலேயே ஏறியது. 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம், போக வேண்டாம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிக்கு அருகே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே உடைந்த கல் கத்தி மாதிரி இருக்கும். காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டுப் பகுதி பிதுங்கும், அந்தப் பிதுக்கத்தில்தான் கல் கிழிக்கும். பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட வழியில்லை. அந்த மாதிரி இடத்தில் 22-க்குக் கீழே இறக்காதீர்கள்.

தார் ரோடு ஏறும் முன் திரும்ப 28-க்கு ஏற்றியாக வேண்டும். கம்ப்ரசர் வாங்கும்போது, சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுவதை வாங்காமல் பேட்டரியில் கிளிப் மாட்டுவதை வாங்குங்கள். முதல் வகை இரண்டு டயருக்குள் சூடாகி நின்றுவிடும், இல்லையென்றால் ஃபியூஸைப் போக்கும்.

படி 3: இழுக்கும் இடமும் கயிறும்

வண்டி மாட்டிக்கொள்ளத்தான் போகிறது. வெளியே இழுக்கும்போதுதான் ஆட்களுக்கு அடிபடுகிறது, சேற்றில் நிற்கும்போது அல்ல. அதனால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

முன்னும் பின்னும் சேஸிஸில் நேரடியாக போல்ட் போட்ட கொக்கி இருக்க வேண்டும். பம்பரில் கட்டக் கூடாது. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு போடவே கூடாது, அது முறிந்தால் குண்டு மாதிரி பறக்கும். இரும்புச் சங்கிலியையும் லாரிக் கம்பி வடத்தையும் வீட்டில் வைத்துவிடுங்கள். இழுத்தால் நீண்டு கொடுக்கும் நைலான் கயிறு நல்லது. கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கோ கம்பளியோ போட்டுவிடுங்கள், அறுந்தாலும் வேகம் அடங்கும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான டி ஷேக்கிளில் 4.75 டன் என்று பொறித்ததை வாங்குங்கள். அதன் பின்னை முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் திருப்பி விடுங்கள். இல்லையென்றால் இழுத்த பிறகு கழற்ற வராது.

உயரமான ஹை லிஃப்ட் ஜாக்கியை நான் விற்றுவிட்டேன். சரிவில் அது வழுக்குகிறது, கைப்பிடி தெறித்து முகத்தில் அடிக்கிறது. ஒரு ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கியும், அதற்கு அடியில் வைக்க ஒன்றரை அடி வேப்பம் பலகையும் போதும்.

படி 4: ஆக்சில் மூச்சுக்குழாய்

யாரும் சொல்லித் தராத வேலை இது. செலவும் மிகக் குறைவு. வாங்கிய வருடம் ஓடையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு முறை போய் வந்தேன். பொங்கலுக்கு முன் ஆயில் மாற்றலாம் என்று பின்பக்க டிஃபரன்ஷியலின் டிரெயின் போல்ட்டைத் திறந்தேன். தேன் நிறத்தில் வர வேண்டிய ஆயில், மஞ்சள் கரைத்த மோர் மாதிரி கொழகொழவென்று இறங்கியது. விரலில் தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை. உள்ளே தண்ணீர்.

காரணம் இதுதான். ரோட்டில் ஓடிவரும்போது ஆக்சிலின் உள்ளே ஆயிலும் காற்றும் சூடாகி விரிகின்றன. அதற்காகவே மேலே ஒரு சின்ன மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். சூடாக வந்த ஆக்சில் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். துளை தண்ணீருக்கு அடியில் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். சேறு அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாக இழுக்கும்.

துளையில் இருக்கும் மூடியைக் கழற்றுங்கள். அதே மரையில் ஒரு பித்தளை நிப்பிளை லேத்தில் கடைந்து வாங்கி மாட்டுங்கள். பெட்ரோல் ஹோஸைச் செருகிக் கிளிப் போட்டு, முன் ஆக்சிலுக்கு இன்ஜின் அறையில் மேலே வரைக்கும், பின்னாலே டெயில் லைட்டுக்கு உள்பக்கம் வரைக்கும் கொண்டுபோங்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடுமல்லவா, அதற்கு ஏற்ற தளர்ச்சி விட்டுக் கட்டுங்கள். மேல் முனையைக் கீழே பார்க்கும்படி வளைத்து விடுங்கள், மழைத் தண்ணீர் இறங்காது. கியர்பாக்ஸுக்கும், இரண்டு ஆக்சிலுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கும் இதையே செய்யலாம். பாதி நாள் வேலை. அதற்கப்புறம் எனக்கு ஆயில் வெளுக்கவில்லை.

படி 5: வண்டியை உயர்த்துவது

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஜிப்சியில் நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்காக இருப்பது வளைந்த இரும்புப் பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்). பட்டையின் ஒரு முனை சேஸிஸில் நிலையாக இருக்கும், மறு முனை ஷேக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்கும் (கயிற்றுக்குப் போடும் டி ஷேக்கிள் வேறு). குறைந்த செலவில் உயர்த்த எல்லோரும் சொல்லும் வழி, நீளமான ஷேக்கிள். இரண்டு அங்குலம் நீளமானதை மாட்டினார்கள். முதல் ஏமாற்றம், வண்டி உயர்ந்தது ஒரே அங்குலம். ஒரு முனை மட்டும் இறங்குவதால் நடுவில் இருக்கும் ஆக்சிலுக்குப் பாதிதான் கிடைக்கும்.

அடுத்த வாரம் சேலம் போனேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியது. வேகம் 60 இருக்கும். ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதற ஆரம்பித்தது. இரண்டு கையாலும் பிடித்தும் நிற்கவில்லை. பின்னால் லாரிகள். வேகம் முப்பதுக்குக் கீழே வந்த பிறகுதான் அடங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன்.

அலைன்மென்ட் பார்த்தேன், சரியாக இருந்தது. பேலன்ஸ் போட்டேன். டை ராடு எண்டுகளை மாற்றினேன். எதிலும் தீரவில்லை. கடைசியில் கிருஷ்ணகிரியில் லாரிகளுக்குப் பட்டை கட்டும் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்த உடனே சொன்னார்: “முன்னாடி மூக்கு எறங்கிப் போச்சு தம்பி. ஆக்சில் குனிஞ்சு நிக்குது.”

ஜிப்சியில் முன் பட்டையின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீளமாக்கினால் பட்டையின் முன்முனை கீழே போகும், அதோடு ஆக்சிலும் முன்பக்கம் குனியும். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், சாய்ந்திருக்கும். கையை எடுத்தாலும் சைக்கிள் நேராக ஓட அந்தச் சாய்வும் உதவுகிறது. வண்டியிலும் அதே மாதிரி ஒரு சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். ஆக்சில் குனிந்தால் அந்தச் சாய்வு குறையும். அப்புறம் சக்கரம் தானாக நேருக்கு வராது, சின்ன அதிர்ச்சி கிடைத்தாலே ஆடும்.

இதற்கு மாற்று, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே தடித்த பக்கம் முன்னால் இருக்கும்படி ஓர் இரும்பு ஆப்பு வைப்பது. வைத்தேன், ஸ்டியரிங் அடங்கியது. ஆனால் ஆக்சிலைப் பின்பக்கம் சாய்த்ததும் டிஃபரன்ஷியலில், சுழற்சியைக் கொண்டுவரும் ஷாஃப்ட் சேரும் மூக்கு கீழே இறங்கிவிட்டது. ஷாஃப்டின் மூட்டான கிராஸ் ஜாயின்ட்டின் கோணம் கூடி, ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் முன் ஷாஃப்ட் உறுமியது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது.

முடிவில் பழைய ஷேக்கிளையே மாட்டி, தளர்ந்திருந்த பட்டைகளைக் கழற்றி அதே பெரியவரிடம் வளைவு ஏற்றி வாங்கினேன். பெட்டிச் சுமைக்காகப் பின்னால் மட்டும் ஒரு பட்டை சேர்த்தார். வண்டி அதன் சொந்த உயரத்துக்கு வந்தது, ஆட்டம் போயிற்று. பழைய வண்டியில் குறையாகத் தெரிந்த உயரம், பட்டை களைத்துப்போய் இழந்த உயரம்தான்.

அப்படியும் உயர்த்தியே ஆக வேண்டும் என்பவர்கள் மூன்று சோதனைகளை விடாதீர்கள். வேலைக்கு முன் சமதரையில் நிறுத்தி, ஆக்சிலின் தட்டையான இடத்தில் கோணம் காட்டும் செயலியைத் திறந்து ஃபோனை வைத்துக் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் அதே இடத்தில் பாருங்கள். சேஸிஸை ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் விறைப்பாகிறதா என்று பாருங்கள், விறைத்தால் நீளமான ஹோஸ் போடும்வரை ஓட்டாதீர்கள். ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்க ஒடித்து உரசல் பாருங்கள்.

சட்டமும் காடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)-ன்படி உரிமையாளருக்கு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் பெரிய இரும்புக் குழாய் மாட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள். 2017-லேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதினால் எதிரே நடந்து வருகிறவருக்கு அது எமன். டயர் அளவை மாற்றும் முன் இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம். யானைகள் நடக்கும் இடம். அனுமதி இல்லாமல் அங்கே வண்டி இறக்கக் கூடாது. ஓட்டிப் பழகப் பட்டா நிலம் வைத்திருக்கும் நண்பரைக் கேளுங்கள், உழவுக்கு முந்தைய மேட்டு நிலமே போதும்.

பிறகு சேர்த்தது: ஓடையைத் தாண்டிய பிறகு ஃபோர் வீல் லீவர் வெளியே வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கேட்டால் இருவருமே ஃபோர் வீலில் தார் ரோட்டில் ஏறித் திரும்பியிருக்கிறார்கள். தெரிந்த விஷயம் என்று நான் சொல்லாமல் விட்டது என் தவறு. திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். மண்ணில் சக்கரம் வழுக்கி ஈடுகட்டும், தாரில் வழுக்காது, ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். பலம் காட்டி இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் போங்கள், முறுக்கு விட்டதும் லீவர் தானாக வழுக்கி வரும்.

இன்னொன்று: பட்டை வேலை முடிந்த வண்டியில், பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யு போல்ட்டுகளை முதல் 100 கிலோமீட்டரில் ஒரு முறையும், 500-ல் ஒரு முறையும் முறுக்கியாக வேண்டும். வாசகர் ஒருவர் இதை விட்டுவிட்டு, ஆக்சில் விரல் அகலம் நகர்ந்த பிறகு படம் அனுப்பினார். நட்டுக்கு மேல் ஒரு கோடு பெயின்ட் போட்டு வைத்தால், கோடு விலகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். நான் வெள்ளைப் பெயின்ட் போடுகிறேன், செம்மண் படிந்தாலும் துடைத்ததும் தெரிகிறது.