ஆஞ்சியோ கையிலா, தொடையிலா? போகும் முன் கேட்க வேண்டியவை

இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பதுதான் ஆஞ்சியோ. வேலூரில் அதற்குத் தேதி வாங்கியவர்கள் முதலில் கேட்பது செலவு, அடுத்துக் கேட்பது குழாயை எந்த வழியாக விடுவார்கள் என்பது. முடிந்தால் மணிக்கட்டு வழியே செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஆனால் அடம் பிடிக்காதீர்கள்.

மணிக்கட்டில் நாடி பார்க்கிற ரத்தக்குழாய் தோலுக்கு அடியிலேயே எலும்பின் மேல் ஓடுகிறது, அமுக்கினால் ரத்தம் நின்றுவிடும். தொடை இடுக்கில் ரத்தக்குழாய் ஆழத்தில் இருப்பதால், கசிந்தால் வெளியே தெரியாமலே வயிற்றுக்குப் பின்பக்கம் ரத்தம் சேர வாய்ப்புண்டு. 2018 ஐரோப்பிய வழிகாட்டுதலும் பொதுவாகக் கை வழியைத்தான் முதலில் சொல்கிறது.

அதைவிட நம் ஆட்களுக்குப் பெரிய விஷயம் படுக்கை. தொடையில் போட்டால் பெரும்பாலும் நாலைந்து மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும், சிறுநீருக்கும் பெட்பேன்தான். வீட்டில் இந்தியன் டாய்லெட் என்றால் சில நாளைக்குக் குந்தி உட்காரக் கூடாது, அதனால் மேற்கத்திய கழிப்பறைக்கோ கமோடு நாற்காலிக்கோ முன்னாடியே ஏற்பாடு செய்துவிடுங்கள். கையில் போட்டால் காற்றடைத்த பட்டை ஒன்றைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்குவார்கள். சீக்கிரமே எழுந்து உட்காரலாம்.

சரி, எப்போது தொடை? கைக்குழாய் மெலிந்திருந்தாலோ பிடிப்பு வந்து இறுகிவிட்டாலோ, பெரிய கருவி உள்ளே போக வேண்டியிருந்தாலோ தொடைக்கு மாறுவார்கள். அதனால்தான் இரண்டு இடத்திலும் முடியை மழித்து விடுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை சில. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், பின்னாளில் டயாலிசிஸுக்குக் கை ரத்தக்குழாய் தேவைப்படலாம். பைபாஸ் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் இடது கை அல்லது தொடைதான் தோது. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிறவரோ, ஆம்பூரில் தோல் ஷூ தைக்கிறவரோ, எந்தக் கையை நம்பிப் பிழைப்பு என்பதையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரம் அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள், பைக்கும் வேண்டாம். விரல்கள் சில்லிட்டு நிறம் மாறினாலோ, தொடையில் வீக்கம் பெருகி முதுகு வலித்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். ரத்தம் பீறிட்டால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள்.