புறக்கோட்டைக் கடை ஊழியர் மேலதிக நேரச் சம்பளம் கேட்பது எப்படி?

கொழும்பின் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் பல கடைகளின் முதலாளி ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருப்பதால், மேலதிக நேரத்துக்குரிய பணத்தைக் கேட்பதே நன்றி மறந்த செயலாகப் பார்க்கப்படுகிறது. ஆனால் அந்தப் பணம் முதலாளியின் தயவு அன்று. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, உணவு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணித்தியாலமும் வாரத்துக்கு 45 மணித்தியாலமுமே சாதாரண வேலைநேரமாகும். அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம் வழங்கப்பட வேண்டும். "சாப்பாடும் தங்க இடமும் தருகிறேனே" என்ற பதிலால் இந்தக் கணக்கு தீராது.

கேட்பதற்கு முன் எழுதத் தொடங்குங்கள். கடைக்கு வந்த நேரம், சாப்பிடப் போன நேரம், கதவைப் பூட்டிய நேரம் ஆகியவற்றை உங்கள் சொந்தக் கொப்பியில் அன்றன்றே குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பிய கொப்பியை எந்த அதிகாரியும் எளிதில் நம்பமாட்டார். "நாளை ஆறரைக்கே வா" என்று வட்ஸ்அப்பில் வந்த செய்திகளையும் அழிக்காதீர்கள். நீங்கள் அங்கே வேலை செய்ததையே முதலாளி மறுக்கக்கூடும் என்பதால், சம்பளத்தில் உங்கள் பங்காக 8 சதவீதமும் அவர் பங்காக 12 சதவீதமும் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியில் செலுத்தப்படுகிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவு வலுவான சான்றாகும். பணம் செலுத்தப்படவில்லையெனில், அதுவே தனியாக முறையிடத்தக்க விடயம்.

வாடிக்கையாளர் முன்னிலையில் கேட்பது, என் கருத்தில், கேட்காமல் இருப்பதைவிட மோசமானது. இரவுக் கணக்கு முடிந்தபின், ஒரு மாதத்துக்குரிய கணக்கை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்துப் பேசுங்கள். பதில் இல்லையெனில் அதையே கடிதமாகப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழில் திணைக்களத்தில் எழுத்துமூலம் முறையிடலாம். அதன் தலைமையகம் நாரஹேன்பிட்டியில் உள்ளது. தமிழும் அரச கரும மொழியாதலால், முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

இதற்காக உங்களை வேலையிலிருந்து நிறுத்தினால், "விரும்பியே விலகுகிறேன்" என்ற கடிதத்திலோ வெற்றுத் தாளிலோ கையொப்பமிடாதீர்கள். வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய மன்றுக்கு, நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "கொஞ்சம் பொறு, திரும்பக் கூப்பிடுகிறேன்" என்ற பேச்சிலேயே பலருக்கு அந்தக் காலம் கடந்துவிடுகிறது. விண்ணப்பத்தைத் தாக்கல் செய்த பிறகும் சமரசம் பேசலாம், இணக்கம் ஏற்பட்டால் மன்றிலேயே அதைப் பதிவுசெய்து முடித்துக்கொள்ளலாம்.